ஸ்டேஷனில் கிடைத்த பிள்ளையை வீடு சேர்ப்பது: களப்பணிக்குப் புதிதாக வருபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

சென்னை சென்ட்ரல், எழும்பூர் மாதிரியான பெரிய ரயில் நிலையங்களில் தனியாக வந்து இறங்கும் பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பேருந்து நிலையம், கோயில் வாசல், சந்தை என்று எங்கே கிடைத்தாலும் சட்டமும் படிகளும் இவைதான்.

சமூகப்பணி படித்துவிட்டு வருகிறவர்களும் தன்னார்வலர்களும் தடுக்கி விழுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். வேலைகளை முன்பின்னாகச் செய்துவிடுகிறார்கள். முகவரி கிடைத்ததும் ரயிலேற்றி அனுப்பிவிடுகிறார்கள். பையன் ஏன் வந்தான் என்பதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சில மாதத்தில் அவன் அதே பிளாட்பாரத்துக்குத் திரும்பிவிடுவான். இந்த முறை யாரிடமும் உண்மைப் பெயரைக்கூடச் சொல்ல மாட்டான். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. எந்த வகைப் பிள்ளை என்று முதலில் பாருங்கள்

தெருவில் இருக்கிற பிள்ளைகளை மூன்றாகப் பிரிக்கலாம். தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் செயல்முறையும் அப்படித்தான் பிரிக்கிறது: வீட்டைவிட்டு வந்து தனியாகத் தெருவில் தங்குபவர்கள், பகலில் தெருவில் இருந்துவிட்டு இரவு வீடு திரும்புபவர்கள், குடும்பத்தோடு தெருவிலேயே குடியிருப்பவர்கள்.

மூன்றாம் வகைப் பிள்ளையை 'மீட்டு' குழந்தைகள் இல்லத்தில் போடுவது உதவியே ஆகாது. அம்மா பக்கத்தில்தான் பூக் கட்டிக்கொண்டிருப்பார். அங்கே வேலை குடும்பத்துக்குத்தான் தேவை: ஆதார், ரேஷன் அட்டை, மாநகராட்சிப் பள்ளியில் சேர்க்கை, வீடு. வீட்டுக்கு மனு எழுதும் முன் அவர்கள் பிழைப்பு எங்கே நடக்கிறது என்று கேளுங்கள். பாரிமுனையில் தள்ளுவண்டி வைத்திருப்பவருக்கு, நகரின் தெற்கு ஓரத்தில் தள்ளியிருக்கும் பெரும்பாக்கத்தில் வீடு கிடைத்தால், பஸ் காசுக்கும் நேரத்துக்கும் கட்டுப்படியாகாமல் பழைய நடைபாதைக்கே வந்துவிடுவார்.

இனி வருவதெல்லாம் பெரும்பாலும் முதல் வகைப் பிள்ளைகளைப் பற்றியது.

2. களத்துக்குப் போகும் முன்

தனியாகப் போகாதீர்கள். இரண்டு பேர் போங்கள், ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. அமைப்பின் அடையாள அட்டை கழுத்தில் தெரியட்டும். பிள்ளையோடு பேசும் உங்களைப் பார்க்கிற ரயில்வே போலீஸ்காரருக்கு நீங்கள் யார் என்ற சந்தேகம் வருவது நியாயமானதுதான்.

போனில் இந்த எண்கள் இருக்க வேண்டும்: 1098 (குழந்தைகள் உதவி எண்), 112 (அவசர உதவி எண்), ரயில்வேயின் 139, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் நலக் குழு (பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கச் சட்டப்படி அமைந்த குழு) உறுப்பினர்கள், அருகிலுள்ள வரவேற்பு இல்லம், அரசு மருத்துவமனை. கூடவே இந்தி, தெலுங்கு, வங்காளம், ஒடியா பேசத் தெரிந்தவர்களின் எண்களும். இந்தக் கடைசிப் பட்டியலைத்தான் புதியவர்கள் தயார் செய்வதில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு போஜ்புரி மட்டுமே தெரிந்த ஏழு வயதுப் பிள்ளை எதிரில் நிற்கும்போது தேட ஆரம்பிப்பார்கள்.

பையில் தண்ணீர், பிஸ்கட், சோப்பு, ஒரு செட் துணி, வெள்ளைத்தாள், கலர் பென்சில் போதும். கேமரா வேண்டாம்.

3. முதல் பேச்சு

அன்றுதான் இறங்கியவனையும் பழகியவனையும் கண்ணால் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். புதிதாக வந்தவன் காலில் செருப்பும் கையில் பையும் இருக்கும். எல்லாப் பலகையையும் அண்ணாந்து பார்ப்பான், போலீஸைக் கண்டால் தூணுக்குப் பின்னால் போவான். இவனிடம் தாமதமே கூடாது. வேலைக்கு ஆள் பிடிக்கிறவர்களும், அதைவிட மோசமானவர்களும் இதே அடையாளத்தைத்தான் தேடிக்கொண்டிருப்பார்கள்.

மாதக்கணக்கில் தெருவில் இருக்கிறவனிடம் அவசரம் பலிக்காது. அவனுக்குக் கையில் காசு உண்டு, கூட்டாளிகள் உண்டு, உங்களைப் போல வந்து போனவர்களையும் பார்த்திருப்பான். அவனைப் பகல்நேரத் திறந்தநிலைத் தங்குமிடத்துக்குக் குளிக்கவும் சாப்பிடவும் வரவழையுங்கள். இரண்டு மூன்று வாரம் வந்து போகட்டும்.

பேசும்போது குந்தி உட்காருங்கள், அவன் முகமட்டத்துக்கு. முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். 'வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்' என்ற வாக்குறுதியை மட்டும் தராதீர்கள். அந்த வீட்டிலிருந்துதான் அவன் ஓடி வந்திருக்கிறான். 'இன்னைக்கு ராத்திரி பத்திரமா தூங்க இடம் இருக்கு, சாப்பாடு இருக்கு' என்பதே போதும். காசும் கொடுக்காதீர்கள். அது யாருடைய கைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது.

பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனையோ ஒயிட்னர் தின்னரையோ துணியில் நனைத்து முகர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையைத் துரத்தாதீர்கள், திடுக்கிட வைக்காதீர்கள். இது உயிர் போகிற விஷயம். அந்த ஆவி உடம்பில் இருக்கும்போது இதயம் எளிதில் தாளம் தப்பும். பயந்து ஓடும் அந்த நேரத்து அதிர்ச்சியில் இதயம் நின்றுபோகலாம், முதல் முறை முகர்ந்த பிள்ளைக்கும்கூட. சற்றுத் தள்ளி, அவன் கண்ணில் படும்படி உட்கார்ந்திருங்கள். மயக்கம் தெளியட்டும்.

4. முதல் 24 மணி நேரம்

இங்கே சட்டம் தெளிவாக இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் ஆஜர்படுத்த வேண்டும். போலீஸ், 1098 பணியாளர், சமூகப் பணியாளர், மருத்துவர், பொதுமக்களில் ஒருவர், ஏன், அந்தப் பிள்ளையே நேரில் போய்க்கூட நிற்கலாம்.

வரிசை இது: முதலில் 1098 அல்லது ரயில்வே பாதுகாப்புப் படைக்குத் தகவல். அடுத்து காவல் நிலையப் பொது நாட்குறிப்பில் பதிவு. பிறகு மருத்துவப் பரிசோதனை. கடைசியாகக் குழு. நாட்குறிப்பில் பதியாமல் விட்டால் பிள்ளை எந்த நேரத்தில், எந்த நிலையில் உங்கள் கைக்கு வந்தது என்பதற்கு ஆதாரம் இருக்காது. உடம்பில் ஏற்கெனவே இருந்த காயத்துக்குப் பிறகு நீங்கள் பதில் சொல்ல வேண்டி வரும்.

'பாவம், ரெண்டு நாள் எங்க வீட்ல இருந்து சாப்பிடட்டும்' என்பது நல்ல மனதுதான், ஆனால் குற்றம். தனியாகக் கிடைத்த பிள்ளையைப் பற்றித் தகவல் சொல்லாமல் வைத்திருந்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

குழுவில் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் உண்டு. மாதத்தில் குறைந்தது 20 நாள் கூட வேண்டும். குழு கூடாத நேரத்தில் ஓர் உறுப்பினர் முன் ஆஜர்படுத்தினாலும் செல்லும். 'நாளைக்கு லீவு, திங்கட்கிழமை வாங்க' என்று யாராவது சொன்னால் இதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள்.

குழுவுக்குக் கொடுக்கும் படிவம் 17இல் பிள்ளை சொன்னதை அது சொன்ன வார்த்தைகளிலேயே எழுதுங்கள். உங்கள் ஊகத்தைச் சேர்க்காதீர்கள். 'தந்தை குடிகாரர்' என்று நீங்கள் ஒரு வரி எழுதிவிட்டால் கோப்பு மூடும்வரை அந்த வரி எல்லா அறிக்கையிலும் ஏறும், யாரும் சரிபார்க்க மாட்டார்கள்.

5. முதல் வாரம்: விசாரிக்காதீர்கள்

இல்லத்துக்கு வந்த பிள்ளைக்கு முதலில் வேண்டியது தூக்கம். பிளாட்பாரத்தில் அவன் முழுசாகத் தூங்கியிருக்க மாட்டான். சில பையன்கள் கட்டில் கொடுத்தாலும் அதற்கு அடியில்தான் படுப்பார்கள், செருப்பைத் தலைமாட்டில் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு. அதைப் பிடுங்கி வாசலில் விடச் சொல்லாதீர்கள். திருடுபோகாது என்று அவனே நம்பும் நாளில் அவனே வெளியே விடுவான். அந்த நாள்தான் பேச்சைத் தொடங்கத் தோதான நாள்.

சொறி, பேன், புண், இருமல் எல்லாவற்றுக்கும் வைத்தியம் பாருங்கள். ஆனால் பேன் என்பதற்காக வந்த அன்றே மொட்டை அடிக்காதீர்கள். பல இல்லங்களில் இன்னும் நடக்கிறது. பிள்ளைக்கு அது தண்டனையாகத்தான் தெரியும், ராத்திரியே சுவரேறிக் குதிப்பான். மருந்து போட்டு, சீப்பு வைத்து வாரினாலே போதும்.

முகர்ந்து பழகிய பிள்ளை முதல் சில நாள் எரிந்து விழும், தூங்காது, கை நடுங்கும். அதை 'அடங்காதவன்' என்று எழுதாதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள்.

6. காரணத்தைக் கேளுங்கள், பிறகு ஊரை

முகவரிக்கு முன்னால் காரணம். ஏனென்றால் காரணம்தான் அடுத்து எந்தப் பாதை என்பதைத் தீர்மானிக்கிறது.

அப்பாவிடம் அடி, பரீட்சையில் பெயில், வீட்டில் புதிதாக வந்த சித்தப்பா, அம்மா இறந்தபின் யாரும் கேட்பாரில்லாமை, நண்பன் கூப்பிட்டான், சென்னையைப் பார்க்க ஆசை, முறுக்குக் கம்பெனியில் வேலைக்கு விட்டார்கள், அங்கிருந்து தப்பி வந்தான். இவை ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளையை நாளைக்கே அனுப்பலாம். முன்பணத்துக்கு விற்கப்பட்ட பிள்ளையை அதே வேகத்தில் அனுப்பினால் தரகர் மறுபடி வீட்டு வாசலில் நிற்பார்.

'ஏன் ஓடி வந்தே?' என்று கேட்காதீர்கள், அது குற்றச்சாட்டு. 'கிளம்பின அன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்டே?' என்று தொடங்குங்கள். அன்றைய நாளை மணி மணியாகச் சொல்ல வைத்தால் காரணம் தானாக வெளியே வரும். படம் வரையச் சொல்வதும் பலன் தரும்: வீட்டை வரையச் சொல்லி, யார் எங்கே படுப்பார்கள் என்று கேளுங்கள்.

பாலியல் துன்புறுத்தல் பற்றி ஏதாவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். ஆறுதல் சொல்லுங்கள், துருவாதீர்கள். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் சொல்வது உங்கள் கடமை. வாக்குமூலத்தைப் பெண் காவல் அதிகாரி சாதாரண உடையில் வந்து வாங்குவார். நான்கு பேர் நான்கு முறை கேட்டால் பிள்ளை ஒவ்வொரு முறையும் அதை அனுபவிக்கிறது. வார்த்தை மாறினால் வழக்கும் சரியும்.

வேலைக்கு அடைத்து வைக்கப்பட்டிருந்தவன் என்று தெரிந்தால் ஊருக்கு அனுப்பும் முன் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியரிடம் விடுவிப்புச் சான்று வாங்கும் நடைமுறையைத் தொடங்கிவிடுங்கள். கொத்தடிமை மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும், பிறகு வரும் தொகைகளுக்கும் இந்தச் சான்றுதான் அடிப்படை. பிள்ளை ஊருக்குப் போய்ச் சேர்ந்தபின் இங்கிருந்து சான்று வாங்குவது பெரும்பாடு.

7. ஊரைக் கண்டுபிடிப்பது

பிள்ளைக்கு முகவரி தெரியாது. ஆனால் ஊர் தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் வேலை.

ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் இணையதளத்தில் விவரங்களைப் பதிவேற்றுவது முதல் வேலை. காணாமல்போன பிள்ளைகள் பற்றிய ட்ராக்சைல்ட், கோயா-பாயா பதிவுகள் அதோடு இணைக்கப்பட்டவை. பொருந்தும் பதிவு வராவிட்டால் புதியவர்கள் கையை விரித்துவிடுகிறார்கள். காணவில்லை என்ற புகாரை வழக்காகப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் ஏழைக் குடும்பங்கள் பல புகாரே கொடுப்பதில்லை. ஸ்டேஷன் படியேறப் பயம், 'சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருப்பான்' என்ற நம்பிக்கை, ஒரு நாள் கூலி போய்விடும் என்ற கணக்கு. எனவே இணையத்தில் பொருத்தம் இல்லை என்றால் தேடல் இப்போதுதான் ஆரம்பிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் பேசும் பிள்ளையென்றால் காதைத் தீட்டுங்கள். பாட்டியை எப்படிக் கூப்பிடுகிறான்? அப்பத்தா என்றால் மதுரை, சிவகங்கைப் பக்கம் யோசியுங்கள், அப்பாயி என்றால் திருச்சிப் பக்கம், ஆச்சி என்றால் நெல்லை, ஆயா என்றால் வட மாவட்டங்கள். இது முடிவு அல்ல, எந்த மூலையில் தேட ஆரம்பிக்கலாம் என்பதற்கான குறிப்பு மட்டும். பிறகு குலசாமி கோயில் பெயர், திருவிழா மாதம், சந்தை கூடும் கிழமை, ஊருக்கு வரும் மினி பஸ்ஸின் பெயர் என்று கேட்டுக்கொண்டே போகலாம். மினி பஸ் பெயர் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

வட மாநிலப் பிள்ளைக்குக் கேள்விகள் வேறு. மாவட்டம் தெரியாவிட்டாலும் 'தானா' எது என்றால் காவல் நிலையத்தின் பெயரைச் சொல்லும். ஊர்த் தலைவரை எப்படிக் குறிப்பிடுகிறது என்று கவனியுங்கள்: முக்கியா என்றால் பீகார் அல்லது ஜார்கண்ட், பிரதான் என்றால் பெரும்பாலும் உத்தரப்பிரதேசம். எந்த வண்டியில் வந்தான்? சாப்ராவிலிருந்து வரும் கங்கா காவேரியா, வங்காளத்திலிருந்து வரும் கோரமண்டலா? வண்டிப் பெயர் தெரியாவிட்டாலும் எத்தனை இரவு ரயிலில் தூங்கினான், வண்டி மாறினானா என்று கேட்கலாம்.

ஒரு பையன் ஊர்ப் பெயராகச் சொன்னதை எங்கள் யாராலும் வரைபடத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. வீட்டில் காலையில் எப்படி எழுந்திருப்பாய் என்று பேச்சுவாக்கில் கேட்டபோது, சர்க்கரை மில் சங்கு ஊதும், எழுந்துவிடுவோம் என்றான். குளிர்காலத்தில் மட்டும்தான் ஊதும் என்றும் சொன்னான். கரும்பு அரவைக் காலம் அதுதானே. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நேபாளம் என்றான். மேற்கு சம்பாரண் மாவட்டத்தின் சர்க்கரை ஆலைகளைச் சுற்றியுள்ள காவல் நிலையங்களுக்குப் போன் போட்டுக்கொண்டே போனோம். ஒரு நிலையத்தின் சௌகிதார், அதாவது கிராமக் காவலர், அப்பாவின் பெயரைக் கேட்டதும் வீட்டைச் சொல்லிவிட்டார். பையன் சொன்ன ஊர்ப் பெயர் வருவாய்க் கிராமத்தின் பெயரல்ல, அந்த டோலாவின், அதாவது குடியிருப்பின், பெயர்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: வரைபடத்தில் இல்லாத பெயரைப் பொய் என்று முடிவு செய்யாதீர்கள். மாவட்ட அலுவலகத்துக்குக் கடிதம் அனுப்பிவிட்டுக் காத்திருக்கவும் வேண்டாம். காவல் நிலையம், தபால் அலுவலகம், அங்கன்வாடி, பள்ளித் தலைமையாசிரியர், ரேஷன் கடைக்காரர் ஆகியோருக்கு நேரடியாகப் போன் செய்யுங்கள். இவர்களில் ஒருவருக்கு அந்தக் குடும்பத்தைத் தெரிந்திருக்கும்.

ஆதார் இன்னொரு வழி. பிள்ளைக்குப் புதிதாகப் பதியப் போனால், ஏற்கெனவே கைரேகை இருந்தால் இரட்டைப் பதிவு என்று நிராகரிக்கப்படும். அந்த நிராகரிப்பைப் பிடித்துக்கொண்டு குடும்பத்தைக் கண்டுபிடித்த சம்பவங்கள் உண்டு. ஐந்து வயதுக்கு முன் எடுத்த ஆதாரில் கைரேகை இருக்காது. அதற்குப்பின் புதுப்பிக்காத பிள்ளைக்கு இந்த வழி பயன்படாது.

பேச முடியாத பிள்ளையையும் மனவளர்ச்சி குன்றிய பிள்ளையையும் அவசரப்படுத்தாதீர்கள். சைகை மொழி ஆசிரியரையோ சிறப்பாசிரியரையோ வரவழைக்கக் குழுவிடம் கேளுங்கள்.

8. முதல் போன்

எண் கிடைத்ததும் பிள்ளையின் கையில் போனைக் கொடுத்துவிடுவது எல்லாரும் செய்கிற தவறு. முதலில் நீங்கள் மட்டும் பேசுங்கள். 'உங்க பையன் எங்ககிட்ட இருக்கான்' என்று தொடங்காதீர்கள். வீட்டில் யாரையாவது தேடுகிறீர்களா என்று கேளுங்கள். பெயர், வயது, உடம்பில் மச்சம் அல்லது தழும்பு, போகும்போது போட்டிருந்த சட்டை எல்லாம் அவர்கள் வாயிலிருந்து வரட்டும். நீங்கள் சொல்லி அவர்கள் ஆமாம் போடக் கூடாது. 'மாமா' என்று பேசுகிறவர் தரகராகவும் இருக்கலாம்.

இல்லத்தின் முகவரியை இந்த நிலையில் தராதீர்கள், குழு அலுவலகத்தின் எண்ணைத் தாருங்கள். பிள்ளையின் படத்தையும் முதலில் அனுப்ப வேண்டாம். குடும்பம் தன்னிடமுள்ள படத்தையோ பள்ளிச் சான்றையோ அனுப்பட்டும். வாட்ஸ்ஆப் குழுக்களிலும் முகநூலிலும் பிள்ளையின் படத்தைப் போட்டு 'ஷேர் பண்ணுங்க' என்பது சட்ட விரோதம். அடையாளத்தை வெளியிட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பிறகு பிள்ளையிடம் கேளுங்கள், பேச விருப்பமா என்று. விருப்பமென்றால் ஆற்றுப்படுத்துநர் பக்கத்தில் இருக்க, வீடியோ அழைப்பு. அம்மா அழுவார், பிள்ளையும் அழும், அது இயல்பு. ஆனால் ஒரு குரலைக் கேட்டதும் பிள்ளை உறைந்து போனாலோ முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ அந்தக் குரல் யாருடையது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

9. வீட்டு விசாரணை

சமூக விசாரணை அறிக்கை, படிவம் 22. சட்டப்படி 15 நாளில் முடிய வேண்டும், குழு நான்கு மாதத்துக்குள் இறுதி ஆணை போடும் வகையில். வீடு வேறு மாவட்டத்திலோ மாநிலத்திலோ இருந்தால் அந்த ஊர்க் குழந்தைகள் பாதுகாப்பு அலகு போய்ப் பார்க்கும். கடிதம் போனதா என்று விடாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.

நீங்களே போவதென்றால் பகல் பதினோரு மணிக்குப் போகாதீர்கள். அந்த நேரத்தில் எல்லா வீடும் நல்ல வீடுதான். அப்பா வேலை முடித்து வரும் மாலை நேரத்தில் போங்கள். குடி இருக்கிறதா, கை ஓங்கும் பழக்கம் இருக்கிறதா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வறுமையை மட்டும் பார்த்து 'தகுதியற்ற குடும்பம்' என்று எழுதாதீர்கள். ஓலைக் குடிசையும் ஒருவேளைச் சாப்பாடும் பிள்ளையைப் பிரித்து வைக்கக் காரணங்கள் ஆகா, அவற்றுக்கு உதவித் திட்டங்கள் இருக்கின்றன. நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு. திரும்பி வந்தால் பிள்ளை எங்கே, யார் பக்கத்தில் படுக்கும்? வீட்டில் புதிதாக வந்து தங்கியிருப்பவர் யார்? யாரிடம் கடன், அதற்கு ஈடாக யாராவது வேலைக்குப் போகிறார்களா? மற்ற பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா? பிள்ளையின் துணி, புத்தகம் இன்னும் வீட்டில் இருக்கிறதா?

அக்கா, தம்பியோடு தனியாக இரண்டு வார்த்தை பேசுங்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடமும் பள்ளி ஆசிரியரிடமும் கேளுங்கள். பெற்றோர் சொல்வதும் பிள்ளை சொன்னதும் எங்கே முரண்படுகின்றன என்பதே அறிக்கையின் உயிர். அதை மழுப்பாமல் எழுதுங்கள்.

10. அனுப்பலாமா, வேண்டாமா

முடிவு குழுவுடையது. ஆனால் குழு உங்கள் அறிக்கையைத்தான் படிக்கும். பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டே ஆக வேண்டும், அதைப் படிவம் 7, தனிநபர் பராமரிப்புத் திட்டத்தில், பதிய வேண்டும்.

வீட்டில் ஆபத்து என்றால் வீடு என்பது பெற்றோர் மட்டுமல்ல. தாத்தா பாட்டி, அத்தை, பெரியம்மா யாராவது ஏற்றுக்கொள்வார்களா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் வளர்ப்புப் பராமரிப்பு, அதாவது தத்து இல்லாமல் வேறொரு குடும்பம் வைத்துப் பார்த்துக்கொள்வது, கடைசியாக இல்லம். பெற்றோரே கிடைக்காத பிள்ளைகளை, உரிய தேடலுக்குப்பின், இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களென்றால் 2 மாதத்திலும் மற்றவர்களை 4 மாதத்திலும் தத்துக்குத் தகுதியானவர்களாகக் குழு அறிவிக்கலாம். தேடலை நீங்கள் அரைகுறையாகச் செய்தால் எங்கோ ஒரு தாய் தேடிக்கொண்டிருக்கும் பிள்ளை சட்டப்படி வேறு வீட்டுக்குப் போய்விடும்.

பதினேழு வயதுக்காரனை வீட்டுக்கு அனுப்புவதா, தொழிற்பயிற்சியில் சேர்ப்பதா என்ற கேள்வி அடிக்கடி வரும். என் அனுபவத்தில், ஐடிஐ சேர்க்கையோடு வீட்டுக்குப் போகிறவன்தான் தங்குகிறான். வெறுங்கையோடு போகிறவனை ஊர் கேலி செய்தே துரத்திவிடும்.

11. பயணம்

பெற்றோர் வந்து கூட்டிப்போவது முதல் தேர்வு. வர இயலாவிட்டால் குழுவின் ஆணைப்படி சிறப்புச் சிறார் காவல் பிரிவு 15 நாளில் வழித்துணையோடு அனுப்ப வேண்டும். பெண் பிள்ளையென்றால் பெண் காவலர் கட்டாயம்.

ஆணையின் நகல்கள் கூடுதலாக இருக்கட்டும். வழியில் டிக்கெட் பரிசோதகரும் ரயில்வே போலீஸும் 'இது யார் பிள்ளை' என்று கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். மருத்துவக் குறிப்பு, மாத்திரை, மாற்றுத் துணி ஆகியவை கூடவே போகட்டும். பழைய துணியைத் தூக்கிப் போடாதீர்கள், துவைத்துப் பையில் வையுங்கள், அது அவனுடையது. நடு பெர்த்தில் படுக்க வையுங்கள். பெரிய ஜங்ஷனில் வண்டி நிற்கும்போது ஒருவர் விழித்திருங்கள். வீடு நெருங்க நெருங்க பயம் கூடும், கடைசி ராத்திரியில்தான் இறங்கி ஓடுவார்கள்.

வேறு மாவட்டமென்றால் நேரே வீட்டுக்குப் போகாமல் அந்த மாவட்டக் குழு முன் ஒப்படையுங்கள். அப்போதுதான் பிறகு பார்த்துக்கொள்ள அங்கே ஒரு பொறுப்பாளர் இருப்பார். பெற்றோர் கையெழுத்திடும் உறுதிமொழியை அவர்கள் மொழியில் வாசித்துக் காட்டுங்கள். நிருபர்கள், சால்வை, குழுப் புகைப்படம் எதுவும் வேண்டாம்.

12. ஒப்படைத்த பிறகு

முதல் மாதம்தான் கண்டம். ஊர் கேட்கும், சொந்தம் கேட்கும், அப்பாவுக்கு ரோஷம் வரும். ஒப்படைக்கும் அன்றே அப்பாவைத் தனியாக அழைத்து, 'ஏன்டா ஓடினே' என்று ஒரு மாதத்துக்கு யாரும் கேட்கக் கூடாது என்று சொல்லுங்கள்.

பள்ளிச் சேர்க்கையை அதே வாரத்தில் முடியுங்கள். மாற்றுச் சான்றிதழ் இல்லை, வயதுச் சான்று இல்லை என்று சொல்லிச் சேர்க்கை மறுக்கக் கல்வி உரிமைச் சட்டம் இடம் தராது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். பன்னிரண்டு வயதுப் பையனை இரண்டாம் வகுப்பில் உட்கார வைத்தால் மறுநாள் வர மாட்டான்.

மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவுத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்குள், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வங்கிக் கணக்கு, வருமானச் சான்று இரண்டையும் பயணத்துக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். தமிழ்நாட்டுக் குடும்பத்தில் பெற்றோர் இருவரும் இல்லையென்றால் அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய்க்கு மனு போடலாம்.

முதல் வாரத்தில் ஒரு போன், மாத முடிவில் ஒருவர் நேரில், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. போனில் அம்மா 'நல்லா இருக்கான் சார்' என்றுதான் சொல்வார். பிள்ளையிடம் தனியாகப் பேசுங்கள், வகுப்பாசிரியரிடம் வருகையைக் கேளுங்கள். தொடர்ந்து பள்ளிக்கு வராமை, ராத்திரி வெளியே தங்குவது, திடீரென்று கையில் காசு ஆகிய மூன்றில் எது தெரிந்தாலும் உள்ளூர் அலகை அன்றே கூப்பிடுங்கள்.

13. மறுபடி வந்து நின்றால்

வருவார்கள். திட்டாதீர்கள், 'எவ்வளவு கஷ்டப்பட்டு அனுப்பினோம்' என்று சொல்லாதீர்கள். மறுபடியும் 24 மணி நேரம், நாட்குறிப்பு, மருத்துவர், குழு. ஆனால் பழைய அறிக்கையை நகலெடுத்துக் கொடுக்காதீர்கள். முதல் முறை சொன்ன காரணம் பாதிதான் என்று வைத்துக்கொண்டு ஆறாம் படியிலிருந்து தொடங்குங்கள். இரண்டாம் முறை திரும்பி வந்த பிள்ளையை அதே வீட்டுக்கு அனுப்பும் முன், உறவினர் வீடு அல்லது உறைவிடப் பள்ளி ஏன் சரிவராது என்பதை அறிக்கையில் எழுதியாக வேண்டும் என்பது நாங்கள் வைத்திருக்கும் விதி. கோப்பை மூடுவது பிள்ளை ஒரு முழுக் கல்வியாண்டை அதே பள்ளியில் முடித்தபிறகுதான்.